மின்தடை பாதி

கணவன் செத்த தொழிற்சாலையிலேயே பாமா வேலைக்குச் சேர்ந்தாள்.

புனேவை ஒட்டிய போசரியில் மோட்டார் செய்யும் இடம். அவளுக்குச் சோதனைப் பிரிவு. கம்பி சுற்றி முடித்த ஒவ்வொரு மோட்டாரும் அவள் மேஜைக்கு வரும். சுருளின் இரண்டு முனைகளிலும் கொஞ்சம் வோல்ட் கொடுப்பாள். எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று பார்ப்பாள். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். கம்பி எவ்வளவு தடுக்கிறது என்று அது சொல்லிவிடும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். கம்பி எவ்வளவு சூட்டைக் கக்குகிறது என்று அது சொல்லிவிடும். சுற்றியவன் எங்காவது ஏமாற்றியிருந்தால் ஓம் காட்டிக்கொடுக்கும். பாமா அந்த மோட்டாரைத் திருப்பி அனுப்புவாள். யாரிடமும் சத்தம் போட மாட்டாள்.

திண்டுக்கல்லில் டிப்ளமா படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டோடு இருந்தாள். 1997இல் சங்கரன் இறந்தான். நிர்வாகம் வேலை தருவதாகச் சொன்னது. சிபாரிசு செய்தவர் வொர்க்ஸ் மேனேஜர் சூர்யநாராயணன்.

"வஹினி, நான் இருக்கேன். எதுக்கும் கவலப்படாதீங்கோ," என்றார்.

வஹினி என்றால் மராத்தியில் அண்ணி. சங்கரனை அவர் அண்ணன் மாதிரி நினைத்தாராம்.

அவர் அங்கே இருக்கிறார் என்பதால்தான் பாமா அந்த வேலையை ஏற்றுக்கொண்டாள்.

சங்கரன் மின்பராமரிப்பு சூப்பர்வைசராக இருந்தவன். தொழிற்சாலையில் தமிழ் தெரிந்தவர்கள் அப்போது அவனும் மேனேஜரும்தான். சூர்யநாராயணன் புனே ராஸ்தா பேட்டில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார். நடுவில் இந்தி வரும், மராத்தி வரும். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் தானாக எழுத்துக் கற்றுக்கொண்டார். புனேவுக்குத் தாமதமாக வந்துசேரும் தமிழ்ப் பேப்பர்தான் பாடப்புத்தகம். அதில் அவருக்கு அளவில்லாத பெருமை.

"ஜி, எனக்கு எதானா சொல்லணும்னா ஓவன் கதவுல சாக்பீஸால எழுதிவைங்கோ. தமிழ்ல. ப்யூரா. இங்கிலீஷ் ஒரு வார்த்தை கூடாது. எனக்கு ப்ராக்டிஸ் ஆகும்," என்று சங்கரனிடம் சொல்லியிருந்தார்.

சங்கரன் எழுதினான். 'விசிறி பழுது.' 'கதவு இறுக்கம்.' 'தாங்கி தேய்வு.' வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பான்.

"தாங்கின்னா என்னன்னு இன்னைக்குப் பூரா யோசிச்சிருக்கார். பேரிங்னு சொன்னதும் 'அரே வா, தாங்குது இல்ல, அதான் தாங்கி'ன்னு குதிக்கிறார்."

"பாவம், நேரா சொல்லிட்டுப் போயேன்," என்பாள் பாமா.

"நல்ல மனுஷன். ஆசைப்படுறார்."

அந்த ஓவன், வார்னிஷில் தோய்த்த மோட்டார் சுருள்களைச் சுட்டு உலர்த்துவது. உள்ளே மூன்று ஹீட்டர்கள். வார்னிஷ் காயும்போது ஆவி கிளம்பும். பற்றக்கூடிய ஆவி. பவர்கட் இருக்கும் நாட்களில் பாதிச் சரக்குதான் ஏற்றுவார்கள். கரண்ட் போவதற்குள் சுட்டு முடிக்க வேண்டும்.

மே மாதம். முந்தின ஷிப்டில் ஒரு ஹீட்டரின் கம்பி அறுந்திருந்தது. ஷிப்டில் இருந்த ஃபிட்டர் கருகிய பகுதியை வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தை இழுத்து முடுக்கியிருந்தான். ஃபியூஸ் போனது. தடித்த கம்பியாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். காலையில் சங்கரன் வந்து மீட்டரை வைத்தான். 230 வோல்ட். வழக்கமாகப் பத்து ஆம்பியர் ஓடும் இடத்தில் இருபது ஓடியது. வகுத்தான். இருபத்து மூன்று ஓம் இருக்க வேண்டிய கம்பி பதினொன்றரை. பெருக்கினான். 2300 வாட் தர வேண்டியது 4600.

கம்பி பாதியானால் சூடும் பாதியாகும் என்று தோன்றும். ஆகாது. வோல்ட் அப்படியேதான் இருக்கிறது. தடுப்பது பாதியானால் ஓடுவது இரட்டிக்கிறது, சூடும் இரட்டிக்கிறது. அந்த இரட்டைச் சூடு பாதிக் கம்பிக்குள் இறங்கும்போது ஒவ்வோர் அங்குலமும் நான்கு மடங்கு காய்கிறது. வார்னிஷ் ஆவிக்கு நடுவில் அப்படி ஒரு கம்பி சிவந்து நிற்கக்கூடாது.

சங்கரன் ஓவனை அணைத்தான். கதவில் இரண்டு வார்த்தை எழுதினான். புதுக் கம்பி வாங்க ஸ்டோருக்குப் போனான். ஸ்டோர்காரர் இல்லை. காத்திருந்தான்.

திரும்பி வந்தபோது ஓவன் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே முழுச் சரக்கு. ஸ்விட்ச் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஓடினான். உள்ளே ஆவி வெடித்து, கதவு பெயர்ந்து அவன்மேல் வந்தது.

ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தான். பேச்சு இருந்தது.

"மின்தடை பாதின்னு எழுதினேனே," என்றான். "பெருசாத்தான் எழுதினேன். சூர்யா சார் பாக்கலையா?"

அவன் தமிழ் மீடியத்தில் படித்தவன். பாமாவும் அப்படித்தான். மின்தடை என்றால் ரெசிஸ்டன்ஸ். ரெசிஸ்டன்ஸ் பாதியாகிவிட்டது, போடாதே. வேறு எப்படிச் சுத்தத் தமிழில் எழுதுவது?

விசாரணையில் சூர்யநாராயணன் சொன்னார்: கதவில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சங்கரனே ஓவனைப் போட்டான். ஹீட்டரைச் சோதித்துப் பார்க்க நினைத்திருக்க வேண்டும்.

ஓவன் ஆபரேட்டர் தத்தா, மதராசியில் ஏதோ எழுதியிருந்தது என்று முதலில் சொன்னான். பிறகு, ஞாபகம் இல்லை என்றான். கதவில் கரி. ஒரு எழுத்தும் தெரியவில்லை.

பாமா போய்ச் சொன்னாள். விசாரணை அதிகாரி மரியாதையாகக் கேட்டார்.

"எழுதினதை வேறு யார் பார்த்தாங்க, அம்மா?"

பார்த்த ஒருவர் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். எச்சரிக்கை எதுவும் வைக்கப்படவில்லை. விபத்துக்குக் காரணம் இறந்தவரின் கவனக்குறைவு. அறிக்கை அப்படி முடிந்தது. மீட்டர் பார்க்காமல் வீட்டில் ஒரு பல்பு மாட்டாதவனைப் பற்றி அப்படி எழுதினார்கள்.

எச்சரிக்கையைப் படித்துவிட்டும் ஓவனைப் போட்டார், ஆள் செத்தாலும் சரி என்று போட்டார். பாமா முதலில் அப்படித்தான் நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டுதான் தினமும் அவருக்கு வணக்கம் சொன்னாள்.

அடுத்த கோடையில் ஒருநாள் சூர்யநாராயணன் அவள் மேஜைக்கு வந்தார். மேஜையில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"வஹினி, நாளைக்கு மின்தடை எப்போ? காலைலயா, தோபஹர்லயா?"

"எது சார்?"

"மின்தடை. பவர்கட். தமிழ் வஹினி, தமிழ். உங்களுக்கே தெரியலையா?" சிரித்தார். "பேப்பர்ல தினம் போடறானே. 'நாளை மின்தடை'. அந்தப் பேட்டை, இந்தப் பேட்டைன்னு."

பாமா அம்மீட்டரின் முள்ளைப் பார்த்தாள்.

பாடப்புத்தகத்தில் மின்தடை ரெசிஸ்டன்ஸ். பேப்பரில் மின்தடை பவர்கட். அவர் பாடப்புத்தகம் படிக்காதவர். இயற்பியலை இங்கிலீஷில் படித்தார், தமிழைப் பேப்பரில் படித்தார். கதவில் அவர் படித்தது வேறு. இன்று பவர்கட் பாதிதான், முழுச் சரக்கு ஏற்றலாம் என்று படித்திருக்கிறார். சந்தோஷமாகப் போட்டிருக்கிறார்.

"காலைல சார்," என்றாள்.

"பாத்தீங்களா? தமிழ்நாட்டுக்காரங்களுக்கு நான் தமிழ் சொல்லித்தரேன்."

அவர் போனார். பாமா மோட்டாரை அணைத்தாள்.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அது இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்ததில் எதுவும் குறையவில்லை. தப்பாகப் படித்தது வேறு. போட்டது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். படித்தேன், புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். இனி வாய் பேச முடியாதவன்மேல் பழியைப் போட்டார். போட்டுவிட்டு அவன் பெண்டாட்டிக்கு வேலை வாங்கிக் கொடுத்தார்.

இன்னொன்றும் தெரிந்தது. அந்த இரண்டு வார்த்தை என்ன செய்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. ஏதோ பவர்கட் சமாச்சாரம், சொன்னால் தான்தான் ஸ்விட்ச் போட்டோம் என்று ஆகிவிடும் என்று மறைத்திருக்கிறார். காலம் போனால் அவருக்கு அது சின்ன விஷயமாகிவிடும். சின்ன விஷயத்தை மனிதர்கள் சொல்லிவிடுவார்கள்.

அவர் அர்த்தம் தெரிந்துகொள்ளாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து பாமா அவர் காதுபட மின்தடை என்ற வார்த்தையைத் தன் அர்த்தத்தில் சொல்லவில்லை. ரெசிஸ்டன்ஸ் என்றாள். அவர் தன் அர்த்தத்தில் சொன்னால் தலையாட்டினாள். மற்றவர்களிடம் அவர் லோட் ஷெடிங் என்பார். வீட்டில் 'லைட் போச்சு' என்பார்களாம். தமிழ் வார்த்தை பாமாவுக்கு மட்டும்.

"இன்னைக்கு மின்தடை இல்லையே?"

"இல்ல சார்."

"க்யா பாத் ஹை."

ஒருதரம் கோயம்புத்தூரிலிருந்து கம்பி விற்க கோவிந்தராஜ் என்று ஒருவர் வந்தார். மேனேஜர் அறையில் உட்கார்ந்து தமிழில் பேசினார். பாமா சோதனைத் தாள்களோடு நின்றிருந்தாள்.

"எங்க கம்பி சுத்தமான செம்புங்க சார். இதோட மின்—"

"சார், உங்க வண்டியை எடுக்கச் சொல்றாங்க. லாரி நிக்குது," என்றாள் பாமா.

கோவிந்தராஜ் எழுந்து ஓடினார். கீழே லாரி எதுவும் இல்லை. அவர் திரும்பி வருவதற்குள் சூர்யநாராயணன் ரவுண்டுக்குப் போய்விட்டார். அந்தக் கம்பெனிக் கம்பியில் ஓம் சரியில்லை என்று பாமா எழுதினாள். கோவிந்தராஜ் மறுபடி வரவில்லை.

ஒரு தப்பை இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தாள். குழந்தை இல்லாத வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே வேலை அது.

2004இல் தொழிற்சாலையை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வாங்குவதாக முடிவானது. சூர்யநாராயணன் ப்ளாண்ட் ஹெட் ஆகப்போகிறார் என்று பேச்சு. அறைக்குப் புது ஏசி வந்து இறங்கியது. வாங்குவதற்கு முன் பாதுகாப்புத் தணிக்கை செய்ய ஹிஞ்சேவாடியிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். கிருஷ்ணப்ரியா. முப்பது வயது இருக்காது. பூட்ஸ், ஹெல்மெட், தோளில் கம்ப்யூட்டர் பை.

ஓவனின் ரீடிங் எடுக்க பாமாவை அனுப்பினார்கள். அது புது ஓவன். இடம் பழைய இடம்.

"நீங்க தமிழுங்களா அக்கா? முதல்லயே சொல்லக்கூடாதுங்களா? ரெண்டு நாளா இந்தி பேசி வாய் வலிக்குது."

பாமா மீட்டரை வைத்தாள். "இருநூத்தி முப்பது. பத்து."

"அப்ப இருபத்து மூணு. ரெண்டாயிரத்து முந்நூறு வாட்."

"மனக்கணக்கா?"

"எங்க வாத்தியார் கால்குலேட்டரப் பார்த்தா அடிப்பாருங்க. பொள்ளாச்சிக்குப் பக்கத்துல கவர்மென்ட் ஸ்கூலு. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுக்க மின்தடை. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லோணும்."

பாமா மீட்டரின் முனைகளைக் கழற்றிச் சுருட்டினாள். நிதானமாகச் சுருட்டினாள். சங்கரனுக்குப் பிறகு இந்த வார்த்தையை இந்த அர்த்தத்தில் யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"பழைய விபத்து ஃபைல் பார்த்தேன்," என்றாள் கிருஷ்ணப்ரியா, குரலைத் தணித்து. "உங்க வீட்டுக்காரருங்களா?"

"ஆமா."

"எச்சரிக்கை எதுவும் வைக்கலைன்னு போட்டிருக்குது."

"அப்படித்தான் போட்டிருக்கு."

"மேனேஜர் சாரும் தமிழாமா?"

"தமிழ்தான். பேசினா சந்தோஷப்படுவார். சாப்பாட்டு நேரமாச்சு, வாங்க."

இந்தப் பெண் அவரிடம் இரண்டு வார்த்தை பேசினால் போதும். மின்னழுத்தம், மின்னோட்டம் என்று ஆரம்பித்துவிடுவாள். அவர் கற்றுக்கொண்டுவிடுவார். இத்தனை வருடம் பொத்தி வைத்தது ஒரு வாய்ச் சோற்றுக்குள் போய்விடும். பாமா முன்னால் நடந்தாள்.

கேண்டீனில் சூர்யநாராயணன் மேஜை போட வைத்திருந்தார். விருந்தாளிக்காக இட்லி சொல்லியிருந்தார். இட்லி கல்லாக இருந்தது.

"பொள்ளாச்சியா? வா வா. மேடம், நான் பக்கா புனேகர். ஆனா தமிழ் எழுதுவேன், படிப்பேன். ஸ்கூல்ல இல்லே. சொந்தமா."

"அட, பரவாயில்லைங்களே சார்."

"சார் எழுத்துக்கூட்டிப் படிப்பார்," என்றாள் பாமா.

அவர் திரும்பிப் பார்த்தார். பாமா அவரிடம் இப்படிப் பேசியதில்லை.

"எழுத்துக்கூட்டியா? வஹினி, ஃபடாஃபட் படிப்பேன்."

"படிக்கிறது யாரும் படிச்சிடலாம் சார். அர்த்தம் புரியணும்ல."

"பாருங்கோ மேடம், கிண்டல் பண்றாங்க." சிரித்தார். காது சிவந்திருந்தது. "இவங்க ஹஸ்பண்ட் சங்கரன்-ஜி. எனக்கு மெசேஜ் எல்லாம் தமிழ்லதான் எழுதுவார். ஓவன் கதவுல. ஒண்ணுகூட நான் தப்பாப் புரிஞ்சிண்டதில்லே."

"ஒண்ணுகூட?"

"ஏக் பீ நஹி."

"பழசெல்லாம் சாருக்கு மறந்திருக்கும்," என்றாள் பாமா கிருஷ்ணப்ரியாவிடம்.

"மறக்கறதா? 'விசிறி பழுது.' 'தாங்கி தேய்வு.' தாங்கின்னா பேரிங். தெரியுமா மேடம் உங்களுக்கு? 'கதவு இறுக்கம்.' இன்னும் சொல்லவா?"

"கடைசியா எழுதினது?"

பாமா அவர் தட்டில் சட்னி ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

அவர் நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. கிருஷ்ணப்ரியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ்நாட்டுப் பெண். பரீட்சையின் கடைசிக் கேள்வி மாதிரி இருந்தது. பவர்கட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. அதில் என்ன வந்துவிடப்போகிறது?

"மின்தடை பாதி," என்றார்.

கிருஷ்ணப்ரியாவின் கை தட்டிலேயே நின்றது.

"என்னங்க சார்?"

"மின்தடை பாதி. ரெண்டே வார்த்தை. இத்தாம் பெருசு எழுதியிருந்தார்."

"விபத்து அன்னைக்கா?"

"அன்னைக்குக் காலைல."

"நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேனே."

"அர்த்தம் புரிஞ்சுதுங்களா?"

"புரியாம? இவ்ளோ நேரம் என்ன சொல்லிண்டிருக்கேன்?" அவர் பாமாவை ஜெயித்த பார்வை பார்த்தார். "புரிஞ்சதாலதானே ஃபுல் பேட்ச் ஏத்தினோம்."

கிருஷ்ணப்ரியாவின் உதடுகள் லேசாக அசைந்தன. பாமாவுக்கு அந்தக் கணக்குத் தெரியும். பதினொன்றரை. இருபது. நாலாயிரத்து அறுநூறு.

"மின்தடை பாதின்னு தெரிஞ்சு ஏத்தினீங்க."

"பின்னே? அந்த மாதிரி சான்ஸ் விடலாமா?"

கிருஷ்ணப்ரியா எழுந்து கை கழுவினாள். திரும்பி வந்து பையிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்தாள்.

"சார், இப்ப சொன்னதை நான் பதிவு பண்ணோணும்."

"எதை?"

பாமா தன் தட்டில் இருந்த இட்லியைப் பிட்டுச் சாப்பிட்டாள். முழுதும் சாப்பிட்டாள்.

மறுநாள் எம்.டி. அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்தார்கள். வாங்கும் கம்பெனியின் வக்கீல் ஒருவர், கிருஷ்ணப்ரியா, எதிரில் சூர்யநாராயணன். அர்த்தம் என்னவென்று அதற்குள் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரே நாளில் அவர் முகம் தொங்கிவிட்டது.

"பவர்கட்னு நெனச்சேன்," என்று இங்கிலீஷில், இந்தியில், தமிழில் சொன்னார். "நான் டிப்ளமா மெக்கானிக்கல். ரெசிஸ்டன்ஸ் பாதின்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிருந்தா போடுவேனா?"

"அப்போ போட்டது நீங்கதான்?" என்றார் வக்கீல்.

சூர்யநாராயணன் மேஜையைப் பார்த்தார். ஆமென்று தலையசைத்தார்.

அது முடிந்தது. சங்கரன் போடவில்லை. சங்கரன் எழுதிவைத்தான். இரண்டையும் அவரே சொல்லியாகிவிட்டது. பாமாவை உள்ளே கூப்பிட்டபோது, அவள் வந்த காரியம் அநேகமாக முடிந்திருந்தது.

கிருஷ்ணப்ரியா நியாயமானவள். "அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தமும் உண்டு," என்று வக்கீலிடம் சொன்னாள். "பேப்பரில் பவர்கட்டைத்தான் அப்படிப் போடுவார்கள். அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். உண்மையானால் இது தவறு. உண்மையில்லை என்றால் தெரிந்தே செய்தது."

"யாருக்குத் தெரியும்?"

"இவங்க ஒருத்தருக்குத்தான். இங்கே அவர் தமிழ் பேசினது இவங்களோட மட்டும்."

பாமாவுக்கு நாற்காலி போட்டார்கள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணுதானுங்க. சார் மின்தடைங்கற வார்த்தையைப் பவர்கட்டுன்னு அர்த்தம் பண்ணிப் பேசி நீங்க கேட்டிருக்கீங்களா?"

சூர்யநாராயணன் நிமிர்ந்தார். முகத்தில் ரத்தம் வந்தது.

"சொல்லுங்கோ வஹினி. எத்தனை வாட்டி உங்ககிட்ட கேட்டிருக்கேன். காலைலயா, மத்தியானமான்னு. ஒவ்வொரு கோடைலயும். சொல்லுங்கோ."

பாமா அவரைப் பார்த்தாள். அவர் உண்மைதான் சொல்கிறார். அது உண்மை என்று தெரிந்த ஆள் உலகத்தில் அவள் ஒருத்தி. விசாரணை அதிகாரிக்கு முன்னால் அவரும் இப்படித்தான் உட்கார்ந்திருந்திருப்பார். அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

"பவர்கட்டுக்கு இங்க எல்லாரும் லோட் ஷெடிங்னுதான் சொல்லுவோம்," என்றாள்.

"சாருமா?"

"சாரும்."

கிருஷ்ணப்ரியா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு தட்டச்சு செய்தாள்.

"நேத்து நீங்களே சொன்னீங்க சார்," என்றாள், கண்ணைத் தூக்காமல். "ஒண்ணுகூட தப்பாப் புரிஞ்சதில்லைன்னு."

பழைய அறிக்கை திருத்தப்பட்டது. இறந்தவர் ஓவனை அணைத்து எச்சரிக்கை எழுதிவைத்தார். வொர்க்ஸ் மேனேஜர் அதைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகும் இயக்கினார். ஒரு பிரதி போலீஸுக்குப் போனது. சூர்யநாராயணனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். தத்தா அவருடைய பெட்டியை ஸ்கூட்டர் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனான்.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் கேட்டுக்குள் நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. பாமா பஸ்ஸை நோக்கிப் போனபோது அவர் ஸ்கூட்டரை விட்டுவிட்டுக் குறுக்கே வந்தார். சட்டை நனைந்திருந்தது.

"போஸ்ட் போகட்டும். எனக்கு வேண்டாம்," என்றார். "நான் பண்ணினது தப்பு. சங்கரன்-ஜி தலைல போட்டது பாவம். ஒத்துக்கறேன். எங்க வேணா வந்து சொல்றேன். ஆனா தெரிஞ்சு பண்ணினேன்னு எழுதிட்டாங்க. நான் கொலைகாரன் இல்லே வஹினி. என் ஒய்ஃப் ருக்மிணி என்கிட்ட பேச மாட்டேங்கறா. எனக்கு அது தெரியாது. தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்," என்றாள் பாமா.

"எப்போலேர்ந்து?"

"வந்த அடுத்த கோடைலேர்ந்து."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. மழைத்தண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

"ஒருவாட்டி சொல்லியிருக்கலாமே," என்றார். "தப்பாச் சொல்றீங்க சார்னு. ஒருவாட்டி."

பாமா குடையை விரித்தாள்.

"இப்பவாவது மேலே வாங்கோ. அந்தப் பொண்ணு இன்னும் இருக்கா. அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிடுங்கோ. நான் அதை எப்படிச் சொல்லுவேன்னு."

"எந்த வார்த்தை சார்?"

அவர் வாயைத் திறந்தார். உதடு கூடியது. பிரிந்தது. வார்த்தை வரவில்லை.

பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். "மேடம், சலா," என்றார்.

பாமா ஏறினாள். ஜன்னலோரம் இடம் இருந்தது. உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.